கணினி அறையிலிருந்து கூடத்துக்கு: மட்டாஞ்சேரியும் பதிவிறக்கப் படங்களின் வரலாறும்

கேரளத்தில் வீட்டுத் திரையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மூன்று ஆண்டுகளை அடுக்குவர். 1982இல் திருவனந்தபுரத்தில் தூர்தர்ஷன் நிலையம், 1993இல் ஏஷியாநெட், 2016இல் நெட்பிளிக்ஸும் ஜியோவும். இம்மூன்றும் அனுப்புவோரின் ஆண்டுகள். பெறுவோர் தம் கூடத்தில் என்ன செய்தனர் என்பது இவற்றுக்கு இடையே விடுபட்டுப் போகிறது. அந்த இடைவெளியைப் பற்றி எழுத்தில் கிடைக்கும் ஆவணங்களோ சுங்க விதிகளும் காவல்துறை வழக்குகளுமே.

இப்பதிவு அந்த இடைவெளியிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறது. பதிவிறக்கிய படத்தைக் கணினியிலேயே பார்த்து முடிக்கலாம் என்ற நிலையில், அதைக் கூடத்துத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தே தீர வேண்டும் என்ற விருப்பம் எங்கிருந்து பிறந்தது? அந்த விருப்பம் இணையத்தைவிட மூத்தது என்பதும், அதை ‘இலவச ஆசை’ என்று மட்டும் சட்டமும் திரைத்தொழிலும் வாசித்ததால் ஒரு சமூக வரலாறு கண்ணில் படாமல் போனது என்பதும் என் வாதம். இதற்கான களமாகக் கொச்சியின் மட்டாஞ்சேரியை எடுத்துக்கொள்கிறேன்.

ஏன் மட்டாஞ்சேரி? சில சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கட்சி, உருது, தமிழ் எனப் பல மொழிகள் வீட்டுமொழிகளாக வாழும் பகுதி அது. மிளகு வணிகத்தோடு வந்த குஜராத்திகள், திருமலை தேவஸ்வத்தைச் சுற்றி வாழும் கவுட சாரஸ்வதர்கள், கட்சி மேமன்கள் ஆகியோரோடு, டச்சுக்காரர் காலத்தில் சலவைத் தொழிலுக்காகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களான தமிழ் வண்ணார் சமூகத்தினரும் அருகே ஃபோர்ட் கொச்சியின் வெளிப் பகுதியில் உள்ளனர். 1976இல் பெருங்கொச்சி வளர்ச்சிக் குழுமம் கட்டித்தந்த ‘தோபி கானா’ இன்றும் அங்கே இயங்குகிறது. இத்தகைய ஊரின் கூடத்துக்கு ஒரே நிலையம், ஒரே நேரம், ஒரே மொழி என்ற ஒளிபரப்பு ஏற்பாடு தொடக்கத்திலிருந்தே போதாததாக இருந்தது. 1980களின் நடுவில் ஒளிபரப்புக் கோபுரங்கள் நாடெங்கும் பெருகியபோது கேரளத்துக்கு வந்தவை தில்லியின் இந்தியும் திருவனந்தபுரத்தின் மலையாளமும்தான். தமிழில் ஒரு படம் பார்க்க விரும்பிய குடும்பம் 1993 வரை, அதாவது சன் தொலைக்காட்சி வரும் வரை, வேறு வழியைத் தேட வேண்டியிருந்தது.

அந்த வழியை வளைகுடா திறந்துவைத்தது. எழுபதுகளின் எண்ணெய் விலையேற்றத்துக்குப் பின் கேரளத்திலிருந்து பெருகிய வளைகுடாக் குடிபெயர்வு பணத்தோடு பொருளையும் அனுப்பியது. பம்பாய் வழியாகத் திரும்பியவர்களின் பெட்டிகளில் டேப் ரெக்கார்டருக்கு அடுத்து வி.சி.ஆர். இடம்பெற்றது. இந்தக் கருவியின் வருகையை வெறும் செல்வச் சின்னமாகப் படிப்பது குறைப் படிப்பு. எந்தப் படம், எந்த நேரம், யாரோடு, எங்கே நிறுத்தித் தொடர்வது என்ற நான்கு முடிவுகளும் முதன்முறையாக வீட்டாரின் கைக்கு வந்தன. தொழுகைக்கு எழுந்தாலும், மின்சாரம் போனாலும், விருந்தாளி வந்தாலும் படம் காத்திருந்தது. வாடகைக் கேசட் கடைகள் இந்தப் பழக்கத்தை வி.சி.ஆர். வாங்க இயலாதவர்களுக்கும் பரப்பின. அந்த இயந்திரத்தையே ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, கல்யாண வீட்டிலோ தெருக்கூட்டத்திலோ இரவு முழுதும் படம் போடும் வழக்கம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களைப் போலவே கேரளத்திலும் இருந்தது. அரசு இதைக் கண்டுகொண்டதற்கான அடையாளம் 1984ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம். வீடியோ படங்களின் கள்ளப்படிகளை ஒடுக்குவதே அதன் முதன்மை நோக்கம்.

ஆக, பதிவிறக்கம் என்ற சொல் வீட்டுக்குள் நுழையுமுன்பே ‘நாம் தேர்ந்த படம், நம் நேரத்தில், கூடத்துத் திரையில்’ என்ற எதிர்பார்ப்பு வேரூன்றிவிட்டது. அடுத்து வந்த நுட்பங்கள் ஒவ்வொன்றும் இந்த எதிர்பார்ப்பைக் குறைந்த செலவில் நிறைவேற்றும் முயற்சியாகவே வீடுகளில் வரவேற்கப்பட்டன.

அவற்றுள் முதலாவது வி.சி.டி. 1993இல் வரையறுக்கப்பட்ட இந்த வடிவம் அமெரிக்காவில் எடுபடவில்லை, ஆசியாவில் கோலோச்சியது. ஒரு தட்டில் 74 நிமிடங்கள், 352க்கு 288 புள்ளிகள் என்ற அளவில் அதன் படம் ஏறத்தாழ வி.எச்.எஸ். தரத்துடையது. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் தமிழ், மலையாளப் படங்கள் இரண்டு அல்லது மூன்று தட்டுகளாக வந்தன. தட்டு மாற்றும் இடைவெளியே வீட்டின் இடைவேளை ஆயிற்று. கொச்சியில் இவ்வணிகத்தின் ஒரு முகவரி எர்ணாகுளம் ஷண்முகம் சாலை. மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் ஏறி எர்ணாகுளத்தில் இறங்கினால் நடந்தே செல்லக்கூடிய தூரம். கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்து, பின்னர் விடுதலை இந்தியாவின் முதல் நிதியமைச்சரான கோவைத் தமிழர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரின் பெயரைத் தாங்கிய சாலை அது. அங்கே மேனகா திரையரங்கம் இருந்த இடத்தில் எழுந்த ‘பென்டா மேனகா’ வணிக வளாகம் கைப்பேசி, மின்னணுப் பொருட்கள், தட்டுகள் ஆகியவற்றின் சந்தையாக அறியப்பட்டது. திரையரங்கம் மறைந்த மனையிலேயே கூடத்துத் திரைக்கான பொருட்கள் விற்கப்பட்டன. பேருந்து நிறுத்தத்தின் பெயர் மட்டும் இன்றும் மேனகா.

இவ்விடத்தில் மொழி தரும் ஒரு சான்றையும் குறிப்பிட வேண்டும். தமிழில் இத்தட்டுக்கு வழங்கிய பெயர் ‘திருட்டு விசிடி’. மலையாளத்தில் ‘வியாஜ சி.டி.’, அதாவது போலித் தட்டு. முதற்சொல் உரிமையாளர் பக்கம் நின்று இழப்பைச் சுட்டுகிறது. இரண்டாவது சொல் வாங்குபவர் பக்கமும் திரும்பிப் பார்க்கிறது; போலி என்றால் தரம் குறைந்தது, ஏமாற்றக்கூடியது. ஒரே பொருளைப் பற்றிய இரு பொதுப்பேச்சுகளின் வேறுபாட்டை ஆராய முதுகலை மாணவர் ஒருவர் முன்வந்தால் நல்ல ஆய்வேடு கிடைக்கும்.

இனி இணையம். உலகக் கடலடி வடங்கள் கரையேறும் இந்திய நகரங்களுள் கொச்சியும் ஒன்று. சீ-மீ-வீ 3 வடமும், தென்னாப்பிரிக்காவிலிருந்து மலேசியா செல்லும் சேஃப் வடமும் இங்கே நிலம் தொட்டன. ஆனால் வடம் கரையேறிய ஊரின் வீடுகளுக்கு நெடுநாள் கிடைத்தது தொலைபேசி வழி இணைப்புதான். 2004ஆம் ஆண்டின் பிராட்பேண்ட் கொள்கை நொடிக்கு 256 கிலோபிட் என்பதையே ‘பிராட்பேண்ட்’ எனும் தகுதிக்குக் குறைந்த அளவாக வைத்தது. 2005 தொடக்கத்தில் பி.எஸ்.என்.எல். தன் ‘டேட்டாஒன்’ சேவையைத் தொடங்கியது. கேபிள் வழியே ஏஷியாநெட் டேட்டாலைன் கேரள நகரங்களில் போட்டியிட்டது. மாத அளவு சில நூறு எம்.பி. அல்லது ஒன்றிரண்டு ஜி.பி. எனக் கட்டுப்பட்டிருந்த அக்காலத்தில், பி.எஸ்.என்.எல்.லின் சில கட்டணத் திட்டங்கள் அதிகாலை 2 மணி முதல் காலை 8 மணி வரை அளவில்லாப் பதிவிறக்கத்தை அனுமதித்தன.

இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 256 கிலோபிட் என்பது 32 கிலோபைட். ஆறு மணி நேரத்தில் 21,600 நொடிகள். பெருக்கினால் ஏறத்தாழ 691 எம்.பி. அக்காலத்தில் வலையில் உலவிய படக்கோப்புகளின் வழக்கமான அளவு 700 எம்.பி. ஆக, குறைந்த வேகத்திலும் ஓர் இரவுக்கு ஒரு படம். வேகம் 2007 முதல் 2 மெகாபிட் வரை உயர்ந்தபோதும் இரவுப் பதிவிறக்கம் என்ற வழக்கம் சில ஆண்டுகள் நீடித்தது. வீட்டார் உறங்கும்போது படம் வந்து சேரும். விழித்தபின் அது கூடத்துக்குப் போக வேண்டும்.

அந்த 700 எம்.பி. என்ற அளவின் பின்னும் கூடத்துத் தொலைக்காட்சியே நிற்கிறது. எழுதக்கூடிய ஒரு குறுந்தட்டின் கொள்ளளவு அது. 1999 அளவில் ஜெரோம் ரோட்டா என்ற பிரெஞ்சு நிரலர் மைக்ரோசாஃப்டின் எம்பெக்-4 சுருக்கியை மாற்றியமைத்து உருவாக்கிய டிவ்எக்ஸ், ஒரு முழுப்படத்தைக் காணத்தக்க தரத்தில் ஒரே தட்டில் அடக்கியது. பின்னர் வந்த எக்ஸ்விட் அதே பணியைத் திறமூலமாகச் செய்தது. ஆனால் சாதாரண டிவிடி பிளேயருக்கு இக்கோப்பு புரியாது. எனவே முதல் சில ஆண்டுகளில் கணினியில் கோப்பை வி.சி.டி. வடிவுக்கு மாற்றி, நீரோ போன்ற மென்பொருளால் தட்டில் எழுதி, பின்னரே கூடத்துக்கு எடுத்துச் சென்றனர். மாற்றும் வேலை மட்டும் சில மணி நேரம் பிடிக்கும். சிலர் வரைகலை அட்டையின் ‘டிவி அவுட்’ துளையிலிருந்து நீளமான கம்பி இழுத்தனர்.

இச்சிக்கலைக் கண்டு முதலில் பொருள் செய்தவர்கள் பெருநிறுவனங்களின் உயர்விலை வரிசையினர் அல்லர். டென்மார்க்கின் கிஸ் என்ற சிறு நிறுவனம் 2003 அளவில் டிவ்எக்ஸ் தட்டுகளை ஓட்டும் பிளேயரைக் கொண்டுவந்தது. பிலிப்ஸ் அடுத்த ஆண்டு மலிவு விலையில் ஒன்றை விற்றது. விரைவில் தைவானின் மீடியாடெக் போன்றவற்றின் சில்லுகள் எம்பெக்-4 திறனை மிக மலிவாக்கின. பெயர் தெரியாத சீனப் பிளேயர்கள் யூ.எஸ்.பி. துளையோடு இந்தியக் கடைகளில் குவிந்தன. பதிவிறக்கிய கோப்பைக் கூடத்தில் காட்டும் வேலையை இந்தியாவில் பரவலாகச் செய்தவை இவையே. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் எனும் மூன்று நிறக் கம்பிகளைச் சரியான துளையில் செருகத் தெரிந்தால் போதும்.

ஏன் இத்தனை பாடு? கணினித் திரை கூர்மையானது. கோப்பு ஏற்கனவே அங்கே இருக்கிறது. விடை வீட்டின் அமைப்பில் உள்ளது. மட்டாஞ்சேரி போன்ற நெருக்கமான பகுதிகளில் கணினி பெரும்பாலும் படிக்கும் பிள்ளையின் மேசையில், ஒரு நாற்காலிக்கு முன்னால் இருந்தது. தொலைக்காட்சி கூடத்தில், பாயும் சோபாவும் மூத்தோர் சாயும் நாற்காலியும் நோக்கும் திசையில் இருந்தது. கணினியில் பார்ப்பது ஒருவர் பார்ப்பது; கூடத்தில் பார்ப்பது வீடு பார்ப்பது. தமிழ்ப் பாட்டியும் மலையாளப் பள்ளியில் படித்த பேரனும் ஒன்றாக அமரும் இடம் ஒன்றுதான். இதில் அதிகார மாற்றமும் உண்டு. தொலைக்காட்சியின் ரிமோட் வீட்டுத் தலைவரிடம் இருந்தது. பதிவிறக்கத் தெரிந்த பிள்ளையோ வீட்டின் நிகழ்ச்சி அமைப்பாளர் ஆனார். எதைத் தேடுவது, எது கிடைத்தது, எது ‘வீட்டில் போடக்கூடியது’ என்ற தணிக்கைகூட அந்த இளைஞர் கைக்கு, பெரும்பாலும் மகன் கைக்கு, வந்தது. அம்மா கேட்ட பழைய படம் தேடப்பட்டதா என்பதை எந்த வணிகக் கணக்கெடுப்பும் கேட்டதில்லை. பெண்களின் விருப்பம் இந்த வரலாற்றில் எப்போதும் மற்றொருவர் வழியாகவே கோப்பாக மாறியது என்பது என் கருதுகோள். வாய்மொழி வரலாறே அதைச் சோதிக்க முடியும்.

பெருநிறுவனங்கள் இந்தத் தேவையை அறியாமல் இல்லை. ஆப்பிள் டிவி 2007இல் வந்தது. ஆனால் அது நம்பியிருந்த ஐடியூன்ஸ் கடை இந்தியாவில் திறந்தது 2012 டிசம்பரில்தான். வெஸ்டர்ன் டிஜிட்டல் 2008இல் விற்ற சிறு பெட்டி, வன்தட்டைத் தொலைக்காட்சியோடு நேரே இணைத்தது. பின்னர் தட்டைத் திரைத் தொலைக்காட்சிகளிலேயே யூ.எஸ்.பி. துளை வந்தது. தொடக்கத்தில் பல மாதிரிகளில் அத்துளை புகைப்படத்துக்கும் பாட்டுக்கும் மட்டுமே. படமும் ஓடும் என்றான பிறகு, ‘இந்த ஒலி வடிவத்துக்கு ஆதரவில்லை’ என்ற அறிவிப்பு கூடங்களில் பழகிய வாசகமாயிற்று. பென் டிரைவின் எஃப்ஏடி32 முறை 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது என்ற அறிவு, கணினி படிக்காதவர்களுக்கும் தெரிந்த பொது அறிவானது.

இக்கட்டத்தில் கேரளம் குறிப்பிடத்தக்க ஒன்றைச் செய்தது. 2012இல் தொடங்கிய ‘எம்சோன்’ என்ற தன்னார்வக் குழு, பிறமொழிப் படங்களுக்கு மலையாள வசனவரிகளை எழுதி இலவசமாக அளித்தது. 1965இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் நிறுவிய சித்ரலேகா முதல் வளர்ந்த திரைப்படச் சங்க மரபு இதற்கு முன்னோடி. சங்கங்கள் ஊர் அரங்கில் செய்ததை எம்சோன் கூடத்துக்குக் கொண்டுசென்றது. ஆனால் பல தொலைக்காட்சிகள் மலையாள எழுத்தைக் காட்டத் தெரியாமல் வெற்றுக் கட்டங்களைக் காட்டின, அல்லது உயிர்க்குறிகளை இடம் மாற்றிச் சிதைத்தன. எழுத்துக்கு முன்னும் பின்னும் குறியிடும் தமிழுக்கும் இதே இடர் உண்டு என்பதை நாம் அறிவோம். ஆகவே வசனவரியைப் படத்தோடே பதித்துவிடும் கைவேலை வளர்ந்தது. ஆங்கிலம் அறியாத பெற்றோர் ஈரானியப் படத்தையோ கொரியப் படத்தையோ தம் எழுத்தில் வாசித்தபடி கூடத்தில் பார்ப்பதை எந்த நிறுவனமும் அன்று விற்கவில்லை. கிடைக்காத ஒன்றுக்கான தேவை இது. விலை கொடுக்க மறுத்தார்கள் என்று இங்கே சொல்ல முடியாது, விலைச்சீட்டே இல்லை.

மட்டாஞ்சேரியும் ஃபோர்ட் கொச்சியும் களமான ஒரு படமும் இவ்வரலாற்றில் இடம் பெறுகிறது. அமல் நீரத்தின் முதல் படமான ‘பிக் பி’ 2007இல் வெளியானது. ‘ஃபோர் பிரதர்ஸ்’ என்ற 2005ஆம் ஆண்டின் அமெரிக்கப் படத்தைத் தழுவியது. திரையரங்குகளில் அது பெருவெற்றி பெறவில்லை. ஆனால் பின்வந்த ஆண்டுகளில் தொலைக்காட்சியிலும் தட்டிலும் கோப்பிலும் மீண்டும் மீண்டும் பார்க்கப்பட்டு வழிபாட்டுப் படமாகியது. பத்து ஆண்டுகள் கழித்து அதன் தொடர்ச்சி அறிவிக்கப்பட்டபோது எழுந்த ஆரவாரம் அரங்க வசூலால் விளங்காது. திரும்பிப் பார்க்கும் வசதி ஒரு படத்தின் வாழ்நாளையே மாற்றியதற்கு இது சான்று.

சட்டம் தன் வழியில் சென்றது. தமிழ்நாடு 2004இல் குண்டர் தடுப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வீடியோ திருட்டைச் சேர்த்தது. 2012இல் ‘3’ படத்தின் தயாரிப்பாளர் பெற்ற ‘அசோக் குமார்’ ஆணை, அதாவது பெயர் தெரியாத எதிராளிக்கு எதிரான தடை, இணைய நிறுவனங்கள் முழு வலைத்தளங்களையே மூடும் நிலைக்கு இட்டுச்சென்றது; குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் அதே ஆண்டு ஜூனில் தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று. 2015இல் அரங்கில் ஓடிக்கொண்டிருந்த ‘பிரேமம்’ படத்தின் தணிக்கைப் படி இணையத்தில் கசிந்தது. கேரளக் காவல்துறையின் திருட்டுத் தடுப்புப் பிரிவு விசாரித்தது. 2023ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டத் திருத்தம் மூன்று ஆண்டு வரை சிறையும், தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடு வரை அபராதமும் விதிக்க வழி செய்தது.

‘பிரேமம்’ என் வாதத்துக்கு எதிரான சான்றாகத் தோன்றலாம்; தோன்றவும் வேண்டும். அப்படம் பக்கத்து அரங்கில் கிடைத்தது. அதைப் பதிவிறக்கியோர் கிடைக்காமையைக் காரணம் காட்ட முடியாது. முதல் வாரங்களின் வசூலை நம்பிக் கடன் வாங்கும் தயாரிப்பாளரின் இழப்பு உண்மையானது. ஆகவே இரு தேவைகளைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று, புதுப்படத்தை ‘இப்போதே’ பெறும் ஆசை. மற்றது, எந்தப் படத்தையும் ‘இங்கே’, கூடத்தில், பெறும் தேவை. சட்டம் இரண்டையும் ஒன்றாக்கியது. வணிகம் இரண்டாவதைத் தனியாக எதிர்கொண்ட ஒவ்வொரு முறையும் வாங்குவோர் இருந்தனர். 2007இல் மோசர் பேயர் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றபோது, மளிகைக் கடை வரை உரிமம் பெற்ற தட்டுகள் சென்றன. மலபாரில் சலாம் கொடியத்தூர் போன்றோர் 2000 முதல் அரங்கையே நாடாமல் கூடத்துக்காக மட்டும் எடுத்த ‘ஹோம் சினிமா’க்கள் வளைகுடாக் குடும்பங்களிடையே விலைக்கு விற்றன. 2013இல் கமல்ஹாசன் ‘விஸ்வரூப’த்தை டி.டி.எச். வழியே கட்டணத்துக்கு முன்கூட்டியே காட்ட முனைந்தபோது தடுத்தது பார்வையாளரின் கஞ்சத்தனம் இல்லை. திரையரங்க உரிமையாளர்களின் எதிர்ப்பு. ஏழாண்டுகள் கழித்துப் பெருந்தொற்று அந்தக் கதவைத் திறந்தது. 2020 மே மாதம் ‘பொன்மகள் வந்தாள்’, ஜூலையில் ‘சூஃபியும் சுஜாதையும்’, அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ‘திருஷ்யம் 2’ ஆகியவை நேரே கூடத்துக்கு வந்தன.

அப்படியானால் தேவை நிறைவேறிவிட்டது, வரலாறு முடிந்தது என்று கொள்ளலாமா? இல்லை. ஓடைச் சேவை கூடத்தைத் தந்தது. கைவசத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. உரிமம் முடிந்த படம் ஓரிரவில் பட்டியலிலிருந்து மறைகிறது. வி.சி.ஆர். காலம் முதல் வீட்டாரிடம் இருந்த ‘இது நம்மிடம் இருக்கிறது’ என்ற நிலை இப்போது இல்லை. இதன் விலை ஆவணக் காப்பகத்தில் தெரியும். முதல் மலையாளப் பேசும்படமான ‘பாலன்’ 1938இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் டி.ஆர். சுந்தரம் தயாரித்தது, இன்று அதன் படச்சுருள் இல்லை. 2003 சனவரியில் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் பெருமளவில் தீக்கிரையாயின. அண்மைக்காலப் படங்கள் பலவும் நல்ல சுருள் இல்லாமல், வி.சி.டி.யிலிருந்து எடுத்த மங்கலான கோப்பாகவே உலவுகின்றன. அவை நம்மிடம் எஞ்சியிருப்பது யாரோ ஒருவர் தம் வீட்டார் பார்க்க வேண்டும் என்று தட்டில் எழுதி வைத்ததால்.

எழுதிய தட்டின் சாயப்பூச்சு காலப்போக்கில் சிதையும். பழைய வன்தட்டு ஒருநாள் சுழலாது. ஊடக வரலாறு பயிலும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. ஆய்வு செய்யும்போது கோப்பை மட்டும் எண்ணாதீர்கள். பிளேயரின் கையேடு, மூன்று நிறக் கம்பி, பேனாவால் படப்பெயர் எழுதிய தட்டு, கடைப் பெயர்ப்பலகை ஆகியவற்றையும் சேகரியுங்கள். தட்டுக் கடை நடத்தியவரையும், பதிவிறக்கிய மகனையும், எந்தப் படம் வேண்டும் என்று கேட்ட தாயையும் பேச வையுங்கள். அவர்களின் அனுமதியோடு, பெயர் மறைத்துப் பதிவு செய்யுங்கள். இவ்வரலாற்றில் பலர் இன்னும் சட்டத்துக்கு அஞ்சியே மௌனம் காக்கின்றனர். மட்டாஞ்சேரியில் அந்தத் தலைமுறையின் பாட்டிமார் முதலில் போய்விடுவார்கள். அவர்களிடமிருந்து தொடங்குவது நல்லது.